டீசல் காரில் கரி: இன்டேக்கைக் கழுவலாமா, இஜிஆரை அடைக்கலாமா? புகைப் பரிசோதனையில் சிக்காத மோசடி - முழு விளக்கம்

டீசல் கார் வைத்திருப்பவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே புகார்தான் வரும். முன்ன மாதிரி பிக்கப் இல்லை, மேடு ஏறும்போது இழுக்க மாட்டேங்குது, மைலேஜ் குறைஞ்சு போச்சு, திடீர்னு இன்ஜின் லைட் எரியுது. வண்டியை ஷெட்டில் விட்டால் மெக்கானிக் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிக் காட்டுவார். சுத்தமான காற்று போக வேண்டிய அந்தக் குழாயின் உள்சுவர் முழுக்கத் தார் ஊற்றியது போல கறுப்பாகப் படிந்திருக்கும். சில வண்டிகளில் பாதி வழியே அடைத்துப் போயிருக்கும்.

அடுத்து அவர் சொல்வது இதுதான்: "கழுவித் தந்துடறேன் சார். ஆனா கொஞ்ச வருஷத்துல திரும்ப வரும். இஜிஆரை ஒரு தகடு வெச்சு அடைச்சிட்டா இந்தத் தொல்லையே கிடையாது."

முதல் யோசனை சரி. இரண்டாவது யோசனை சட்டப்படி குற்றம். ஆனால் அப்படி அடைத்த வண்டி நம் நாட்டுப் புகைப் பரிசோதனையில் தாராளமாக பாஸ் ஆகிவிடும். இது எப்படி நடக்கிறது, கரி ஏன் சேர்கிறது, கழுவுவதற்கு உண்மையில் எது உதவும் என்று பார்ப்போம்.

இது ஏன் இப்போது பெரிய பிரச்னை?

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்படும் வரை, பெட்ரோலைவிட டீசல் ரொம்பவே மலிவு. அந்த ஆண்டுகளில் விற்ற கார்களில் பாதிக்கும் மேல் டீசல் என்ற நிலைகூட இருந்தது. இன்று அது ஐந்தில் ஒன்றுக்கும் கீழே. மாருதி சுசூகி 2020 ஏப்ரலோடு டீசல் கார் விற்பதையே நிறுத்திவிட்டது.

புது டீசல் கார் விற்பனை குறைந்தாலும், அந்தக் காலத்தில் வாங்கிய வண்டிகள் ரோட்டில்தான் ஓடுகின்றன. பல வண்டிகள் இரண்டாவது, மூன்றாவது கைக்கு மாறிவிட்டன. லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய இந்த வண்டிகளில்தான் கரி தன் வேலையைக் காட்டுகிறது. அதைச் சுற்றி ஒரு வியாபாரமும் வளர்ந்திருக்கிறது.

காற்று போகிற வழியில் கரி எங்கிருந்து வந்தது?

ஏர் ஃபில்டர் சரியாக இருந்தால் வெளியிலிருந்து அழுக்கு உள்ளே வராது. இந்தக் கரி வண்டியின் சொந்தப் புகை. சைலன்சர் வழியாக வெளியே போக வேண்டிய புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்டேக்குக்குள் விடுவதற்கென்றே ஒரு வால்வு இருக்கிறது. அதுதான் இஜிஆர். இது கம்பெனியே வைத்துத் தருகிற பாகம்.

புகையைத் திரும்பக் குடிக்க வைப்பானேன் என்று தோன்றலாம். டீசல் இன்ஜினுக்குள் வெப்பம் மிக அதிகமாகும்போது காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு உருவாகிறது. கண்ணுக்கு எளிதில் தெரியாத வாயு. மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும், ஆஸ்துமாவைக் கிளப்பும், வெயிலில் மற்ற வாயுக்களோடு சேர்ந்து தரைமட்ட ஓசோனாகவும் மாறும். ஏற்கெனவே எரிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு. அதைக் கொஞ்சம் கலந்துவிட்டால் எரியும் வேகமும் உச்ச வெப்பமும் குறையும், நைட்ரஜன் ஆக்சைடும் குறையும்.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் டீசல் முழுசாக எரியாது, கரித்துகள் கூடும். வெப்பத்தைக் குறைத்தால் கரி ஏறும், கரியைக் குறைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். டீசல் இன்ஜின் வடிவமைப்பவர்கள் பல காலமாகப் போராடுவது இந்தத் தராசோடுதான்.

வெறும் கரித்துகள் என்றால் காற்றோடு போய்விடும், இப்படி ஒட்டாது. பிஸ்டன் ஓரமாகக் கீழே கசியும் வாயு, இன்ஜின் ஆயில் ஆவியையும் சுமந்து வருகிறது. அதை வெளியே விடக் கூடாது என்பதால் அதுவும் இன்டேக்குக்கே திருப்பி விடப்படுகிறது. ஆயில் பிசுக்கும் கரியும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் பார்த்தாலே போதும்.

பழைய வகை பெட்ரோல் இன்ஜின்களில் இன்டேக் வழியிலேயே பெட்ரோல் தெளிக்கப்படும். அது வால்வைக் கழுவிக்கொண்டே போகும். டீசல் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது. மேனிஃபோல்டைக் கழுவ ஒன்றும் வருவதில்லை.

ஓட்டுகிற முறையும் முக்கியம். ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது இஜிஆர் வால்வு மூடிக்கொள்ளும். லேசான மிதியில், நெரிசலில் ஊர்ந்து போகும்போதுதான் அதிகம் திறந்திருக்கும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து கடை என்று மூன்று கிலோமீட்டர் ஓட்டத்திலேயே காலம் தள்ளும் டீசல் காரில் கரி சீக்கிரம் சேர்வதற்கு இதுவே காரணம்.

விதிகள் எவ்வளவு இறுகின?

பிஎஸ்-4 விதி 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் வந்தது. டீசல் காருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 0.25 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு வரை அனுமதி. 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 வந்தபோது அது 0.08 கிராமாக இறங்கியது. நுண்துகள் அளவு 0.025 கிராமிலிருந்து 0.0045 கிராமாகக் குறைக்கப்பட்டது. பிஎஸ்-5 என்ற படியையே இந்தியா தாண்டிக் குதித்தது.

லாரிகளில் இதே பிரச்னைக்கு இரண்டு வழிகள் இருந்தன. பிஎஸ்-4 காலத்தில் சென்னையைச் சேர்ந்த அசோக் லேலண்ட் 'ஐஇஜிஆர்' என்ற பெயரில் புகையைத் திருப்பி விடும் வழியை முன்னிறுத்தியது. டாடா தன் பெரிய லாரிகளில் புகைக்குழாயில் யூரியா கரைசல் தெளிக்கும் வழிக்குப் போனது. யூரியா ஊற்றும் செலவு இல்லை என்பது முதல் வழியின் கவர்ச்சி. பிஎஸ்-6 வந்த பிறகு பெரிய லாரிகளுக்கு யூரியா தவிர்க்க முடியாததாகிவிட்டது.

உலகையே உலுக்கிய ஊழலும் இதே வால்வும்

2015 செப்டம்பர் 18. வோக்ஸ்வேகன் டீசல் கார்களில் மோசடி மென்பொருள் இருப்பதாக அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. அந்த ஊழலின் மையத்தில் இருந்த இஏ-189 இன்ஜினில் மென்பொருள் செய்தது என்ன தெரியுமா? வண்டி ஆய்வகத்தில் சோதனைக்கு நிற்கிறது என்று தெரிந்தால் இஜிஆர் வழியாக நிறையப் புகையைத் திருப்பி விடும். ரோட்டுக்கு வந்ததும் அந்த அளவைக் குறைத்துவிடும். சோதனையில் சுத்தம், சாலையில் பல மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு.

இந்தியாவிலும் 2015 டிசம்பரில் அந்த நிறுவனக் குழுமம் 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதை எதிர்த்து நிறுவனம் உச்ச நீதிமன்றம் சென்றது.

அங்கே மென்பொருள் ரோட்டில் ஓரளவு செய்ததை, இங்கே ஷெட்டில் வைக்கும் இரும்புத் தகடு முழுமையாகச் செய்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தென்கொரியாவில் பற்றி எரிந்த பிஎம்டபிள்யூ கார்கள்

மேனிஃபோல்டில் சேரும் கரி, பிக்கப்பை மட்டும்தான் கெடுக்கும் என்று நினைக்க வேண்டாம். 2018 கோடையில் தென்கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே தீப்பிடித்தன. அவற்றில் 520டி மாடல் நிறைய. ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 40 கார்கள். பார்க்கிங் இடங்களில் இந்தக் கார்களை உள்ளே விட மறுத்தார்கள். பாதுகாப்புச் சோதனை முடிக்காத கார்களை ரோட்டில் ஓட்டக் கூடாது என்று அந்நாட்டு அரசு உத்தரவிடும் அளவுக்குப் போனது.

காரணம் தேடியபோது எல்லோருடைய பார்வையும் போனது இஜிஆர் கூலரின் பக்கம். கூலர் என்பது திரும்பி வரும் சூடான புகையைக் குளிர வைக்கும் பாகம். அதில் விரிசல் விழுந்து கூலன்ட் கசிந்தது. அதில் உள்ள கிளைக்கால், மேனிஃபோல்டில் ஏற்கெனவே இருந்த ஆயில் பிசுக்கோடும் கரியோடும் கலந்து படிந்தது. பிறகு சரியாகக் குளிராத சூட்டுப் புகை அதன் மேல் பட்டதும் தணல் பிடித்தது. மேனிஃபோல்ட் பிளாஸ்டிக்கால் ஆனது. உருகி ஓட்டை விழுந்து, தீ இன்ஜின் அறைக்குப் பரவியது.

2018 அக்டோபருக்குள் உலகம் முழுக்கத் திரும்ப அழைக்கப்பட்ட கார்களின் எண்ணிக்கை சுமார் 16 லட்சம். டிசம்பரில் கொரிய விசாரணைக் குழு, குறையை நிறுவனம் முன்பே அறிந்திருந்தும் தாமதித்தது என்று சொன்னது. சுமார் 1,120 கோடி வொன் அபராதமும் விதிக்கப்பட்டது. மறைக்கவில்லை என்பது நிறுவனத்தின் பதில்.

பயப்பட வேண்டாம், எல்லாக் கரியும் தீப்பிடிக்காது. கூலர் கசிவு, நிறையப் படிமம், அதிக சூடு என்று எல்லாம் ஒன்றாகக் கூடியதால் வந்த விபத்து அது. ஆனால் இதிலிருந்து நம் ஊர் டீசல் கார்காரர் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: வெளியே சொட்டு கசிவே இல்லாமல் கூலன்ட் அளவு குறைந்துகொண்டே வந்தால், ஊற்றி ஊற்றி ஓட்டாதீர்கள். இஜிஆர் கூலரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

சரி, கழுவுவதில் எது உண்மையிலேயே வேலை செய்யும்?

இங்கேதான் பணம் வீணாகிறது. பெட்ரோல் பங்க்கிலேயே விற்கும் சின்ன பாட்டில்களை எடுத்துக்கொள்வோம். டேங்கில் ஊற்றினால் கரி போகும் என்பார்கள். இன்ஜெக்டர் முனையைச் சுத்தம் செய்ய அது ஓரளவு உதவலாம். ஆனால் டீசல் இன்ஜினில் எரிபொருள் மேனிஃபோல்ட் பக்கமே போவதில்லை. டேங்கில் ஊற்றிய எதுவும் அங்கே போய்க் கழுவ முடியாது.

அடுத்து, பல இடங்களில் விளம்பரம் செய்யப்படும் ஹைட்ரஜன் கிளீனிங். தண்ணீரிலிருந்து பிரித்த வாயுவை, வண்டி ஐடிலில் ஓடும்போது இன்டேக்கில் விடுவார்கள். வேலை நோகாமல் முடிந்துவிடும், எதையும் கழற்ற வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாயு எரிவது சிலிண்டருக்குள். கரி படிந்திருப்பது அதற்கு முன்னால் இருக்கும் குழாயில். தார் போலக் கெட்டிப்பட்டதை எரியாத வாயு எப்படிக் கரைக்கும்? செய்து கொடுப்பவரிடம் ஒன்று கேளுங்கள்: வேலைக்கு முன்பும் பின்பும் குழாய்க்குள் சின்ன கேமரா விட்டுப் படம் காட்ட முடியுமா? படம் காட்டத் தயங்கினால் பதில் தெரிந்துவிடும்.

ஓடும் இன்ஜினில் ஸ்ப்ரே கிளீனர் அடிப்பது இன்னொரு வகை. லேசான படிமத்துக்குப் பலன் தரும். ஆனால் டீசல் இன்ஜினில் இது விளையாட்டு இல்லை. எரியக்கூடிய கெமிக்கலைக் காற்று வழியாக அதிகம் விட்டால் அதுவே எரிபொருளாகி, சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். திரவமாகத் தேங்கினால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். கட்டியாகப் பெயர்ந்த கரி சிலிண்டர் வழியாக டர்போவுக்கும், டிபிஎஃப் இருக்கும் வண்டியில் அந்த ஃபில்டருக்கும் போகும். யூடியூப் பார்த்து வீட்டு வாசலில் செய்து பார்க்க வேண்டிய வேலை இது இல்லை.

மிச்சம் இருப்பது பழைய வழி: மேனிஃபோல்டையும் இஜிஆர் வால்வையும் கழற்றி, கெமிக்கலில் ஊற வைத்து, பிரஷ் போட்டுக் கழுவுவது. நேரம் எடுக்கும், கூலியும் கூடும். கெட்டியான கரிக்கு நம்பகமான வழி இதுதான். இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. அலுமினிய மேனிஃபோல்டை காஸ்டிக் சோடாவில் போட்டால் உலோகத்தையே தின்றுவிடும். பிளாஸ்டிக் என்றால் கொதிக்கும் நீரும் கடுமையான கெமிக்கலும் ஆகாது. அழுத்த சென்சாரைத் தனியாகக் கழற்றி, அதற்குரிய ஸ்ப்ரேயில் மெதுவாகச் சுத்தம் செய்ய வேண்டும். ஹெட்டில் இருக்கும் ஓட்டைகளைச் சுரண்டும்போது ஒரு துண்டு கரிகூட உள்ளே விழக் கூடாது. கேஸ்கெட் புதிதாகப் போட வேண்டும், பழையதை ஒட்டித் தருவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பல கார்களில் வேலை முடிந்ததும் ஸ்கேனர் போட்டு, இஜிஆர் வால்வின் புது நிலையை இன்ஜின் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துக் கரியை உதிர்க்கும் முறையும் இருக்கிறது. பெரிய ஊர்களில் விலை உயர்ந்த கார்களுக்குச் செய்கிறார்கள். ஹெட்டின் இன்டேக் வழிகளுக்கு அது நல்லது.

கழுவிய ஆறே மாதத்தில் திரும்பக் கரி வந்தால் குற்றவாளி வேறு யாரோ. தேய்ந்த பிஸ்டன் ரிங் ஆயில் ஆவியை அதிகம் தள்ளலாம், டர்போ சீல் கசியலாம், இன்ஜெக்டர் ஒழுகலாம். அதைப் பார்க்காமல் மேனிஃபோல்டை மட்டும் திரும்பத் திரும்பக் கழுவுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைக்கிற கதை.

இஜிஆரை அடைச்சா என்னதான் ஆகும்?

நேர்மையாகச் சொன்னால், மெக்கானிக் சொல்வதில் பாதி உண்மை. அடைத்துவிட்டால் புதிதாகக் கரி சேர்வது வெகுவாகக் குறையும். பிக்கப் கொஞ்சம் கூடியது போலவும் இருக்கும். அதனால்தான் இந்த யோசனை இவ்வளவு பரவியிருக்கிறது.

மறைக்கப்படும் மறுபாதி, இன்ஜினுக்குள் உச்ச வெப்பம் ஏறுவதும் நைட்ரஜன் ஆக்சைடு பெருகுவதும். பிஎஸ்-6 வண்டிகளில் வால்வு வேலை செய்யவில்லை என்று கணினி கண்டுபிடித்து இன்ஜின் லைட்டை எரிய விடும், வேகத்தையே கட்டுப்படுத்தவும் செய்யும். உடனே அடுத்த கட்டமாக, கணினி மென்பொருளை மாற்றித் தருகிறோம் என்பார்கள். வாரன்டி இருந்தால் அதற்கு அங்கேயே முழுக்கு.

மோட்டார் வாகனச் சட்டம் என்ன சொல்கிறது? தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 52-வது பிரிவு தடுக்கிறது. அனுமதி இல்லாமல் மாற்றினால் 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாசு விதியை மீறி ஓட்டினால் 190-வது பிரிவு தனி. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதில் 10,000 ரூபாய் வரை போகும். தகடு வைத்துக் கொடுத்த மெக்கானிக் அங்கே நிற்க மாட்டார், ஆர்சி புத்தகத்தில் இருப்பது உங்கள் பெயர்தான்.

அப்புறம் ஏன் யாரும் மாட்டுவதில்லை?

எமிஷன் டெஸ்ட் எடுக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். டீசல் வண்டியின் சைலன்சரில் ஒரு குழாயைச் செருகுவார்கள். நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரைச் சில முறை முழுசாக மிதிப்பார்கள். வரும் புகை எவ்வளவு அடர்த்தி, அதன் வழியே ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது என்று கருவி பார்க்கும். டீசலுக்கு அந்தச் சோதனை அவ்வளவுதான். அதாவது கரியை மட்டும் அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை.

இஜிஆரை அடைத்த வண்டியில் கரிப்புகை கூடாது. பல வண்டிகளில் குறையவே செய்யும். ஆகவே விதியை மீறிய வண்டி நல்ல அளவோடு சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகிறது. விதிக்கு உட்பட்டு இஜிஆரோடு ஓடி, கரி சேர்ந்து, காற்று போதாமல் கறுப்புப் புகை தள்ளும் வண்டி ஃபெயில் ஆகிறது. ஒழுங்காக இருப்பவரைத் தண்டித்து, ஏமாற்றுபவருக்குச் சான்றிதழ் கொடுக்கிற சோதனை இது. இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

வேறு இடங்களில் எப்படி? அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2010 முதல் டீசல் கார்களையும் சோதிக்கிறார்கள். புகை பார்ப்பதோடு, வண்டியின் கணினியில் கேபிள் செருகிக் குறைபாட்டுக் குறியீடுகளைப் படிக்கிறார்கள். இஜிஆர் போன்ற பாகங்கள் இடத்தில் இருக்கின்றனவா, அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று கண்ணாலும் பார்க்கிறார்கள். ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில், வழக்கமான வாகனச் சோதனையில் நைட்ரஜன் ஆக்சைடையும் நுண்துகள் எண்ணிக்கையையும் அளக்க வேண்டும் என்று முன்மொழிந்தது.

நம்மிடம் கணினியைப் படிக்கும் வசதி இல்லாமல் இல்லை. தெருமுனை ஷெட்டில்கூட ஸ்கேனர் இருக்கிறது. எமிஷன் டெஸ்ட் மையங்களில் அதைச் செருக வேண்டும் என்ற விதிதான் இல்லை.

பழைய டீசல் கார் வாங்கப் போகிறீர்களா?

பேரம் பேசுவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஸ்கேனரில் இஜிஆர் வால்வைத் திறந்து மூடச் சொல்லுங்கள், அளவு மாறுகிறதா பாருங்கள். பி 0401 என்ற குறியீடு பதிவாகியிருந்தால் புகை போதுமான அளவு திரும்பி வரவில்லை என்று பொருள். கரி அடைப்பாகவும் இருக்கலாம், யாரோ வைத்த தகடாகவும் இருக்கலாம். பிறகு டார்ச் அடித்து, இஜிஆர் குழாய் சேரும் இடத்தில் கேஸ்கெட்டோடு சேர்ந்து ஒரு தகட்டின் விளிம்பு பளபளவென்று எட்டிப் பார்க்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அதை எடுத்துவிட்டு மேனிஃபோல்டைக் கழுவும் செலவை விற்பவர் ஏற்கட்டும், அல்லது அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.